கேப்டன் மிராந்தாவின் அறுபது சதவீதம்

கண்ணில் குறையில்லை. காதில் குறையில்லை. ஐம்பது வயதுக்காரனின் இதயம் எப்படித் துடிக்க வேண்டுமோ, அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நில் என்றார்கள், நின்றார். எல்லாம் முடிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேப்டன் ஜெரால்டு மிராந்தாவின் பெயருக்கு நேராகத் திரையில் சிவப்பு விழுந்தது.

டாக்டர் மைமூன் திரையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். தூத்துக்குடி விமானிகளுக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று தருகிற டாக்டர் அவர். மிராந்தாவின் உடம்பை மிராந்தாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கேப்டன், நீங்க டிசபிலிட்டி பென்ஷன் ஏதாவது வாங்குறீங்களா?"

"இல்லையே டாக்டர். இல்லைன்னுதான எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. ஒன்பது வருஷமா அப்படித்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க வாங்குறதா இது சொல்லுது. ராணுவத்துலேர்ந்து. அறுபது சதவீத இயலாமையாம்."

மிராந்தா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பத்து விரலும் இருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்கிட்ட எந்த அறுபது வேலை செய்யலை டாக்டர்?"

"அதுதான் எனக்கும் புரியலை. காரணம் எழுதியிருக்கற பக்கத்தைப் பூட்டி வச்சிருக்காங்க. எனக்குத் திறக்காது. சான்று கொடுக்க முடியாது கேப்டன். விசாரணைக்கு அனுப்பணும்னு வருது."

நேற்றுவரை சர்க்கார் கணினிகள் ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்த மாமியார் மருமகள் மாதிரி இருந்தன. ஒன்று சமைப்பது மற்றதற்குத் தெரியாது. ஓய்வூதியம் தருகிற அலுவலகம் அது பாட்டுக்குத் தரும். விமானிக்குச் சான்று தருகிற அலுவலகம் இது பாட்டுக்குத் தரும். இந்த வருஷம்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பதிவாளர் ஒன்று வந்தது. ஆள் இல்லை, வெறும் கணினி நிரல். அதுவே ஒப்பிடும், அதுவே விசாரிக்கும், அதுவே தீர்ப்பும் சொல்லும். விமானிகள் அதற்குச் சித்திரகுப்தன் என்று பெயர் வைத்தார்கள். வைத்த கையோடு மாட்டவும் தொடங்கினார்கள். முதுகுவலிக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டே முதுகு தேக்குமரம் என்று எழுதிக்கொடுத்தவர்கள், ஒரு காது கேட்காது என்று அங்கேயும் இரண்டும் கேட்கும் என்று இங்கேயும் சொன்னவர்கள், எல்லோரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

ஆனால் மிராந்தா?

மெடிக்கலுக்குப் போகிற விமானிக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் மந்திரம் ஒன்று உண்டு: இளநீர் குடி, காபியைத் தொடாதே, கேட்டதற்கு மேல் வாயைத் திறக்காதே. உலகத்தில் அந்த மந்திரத்தை ஏற்காத ஒரே விமானி மிராந்தாதான். பல் அடைத்ததை எழுதுவார். மூன்று நாள் ஜலதோஷத்தை எழுதுவார். விமானப்படையை விட்டு வரக் காரணமான முழங்கால் அடியை, அது ஆறி ஒரு மாமாங்கம் ஆன பிறகும், வருஷம் தவறாமல் எழுதுவார். பாதிரியாரிடம் பாவத்தை ஒப்பிக்கிற மாதிரி எழுதுகிறார் என்று சின்னப் பையன்கள் அவருக்குப் 'பாவசங்கீர்த்தனக் கேப்டன்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பட்டம் அவர் காதுக்கும் வந்தது. வந்தால் என்ன, அடுத்த முறை கொசு கடித்ததையும் எழுதினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் பொய்யன் என்று சிவப்பு விழுந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் தினம் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் அந்தச் சின்ன மின்விமானத்தைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. அதைத் தொடக்கூடாது என்றால் காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது.

விமானிகள் சங்கத் தலைவர் கேப்டன் வேதரத்தினம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, முதல் காரியமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏன்யா ஜெரால்டு, ஒன்ன என்னமோன்னு நெனச்சேன். ஜலதோஷத்தை எல்லாம் எழுதி எழுதி, பெரிய ஐட்டத்தை அமுக்கிட்டியே."

"சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது."

"இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க." வேதரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "கேளு. அங்க போயி தெரியாதுன்னு சாதிச்சீன்னா கிண்டிக்கிட்டே போவும். தெரியும், முழங்காலுக்காக வாங்குறேன், வேலை போயிடுமோன்னு பயந்து மறைச்சிட்டேன், தப்புதான்னு சொல்லு. ஆறு மாசம் தடை. அப்புறம் பழையபடி பறக்கலாம். நம்ம ஆளுங்க பாதிப் பேரு இப்ப அந்த ஆறு மாசத்துலதான் இருக்காங்க."

"நான் மறைக்கலையே. மறைச்சேன்னு எப்படிச் சொல்ல?"

வேதரத்தினம் அவரை உற்றுப் பார்த்தார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பொய் சொன்னவனிடம் உண்மையைச் சொல்லவைப்பது அவருக்குப் பழக்கம். உண்மை பேசுகிறவனிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ளவைப்பது புதுசு. அதனால் அவரும் நம்பவில்லை.

மிராந்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதே பெயரில் இன்னொரு மிராந்தா இருப்பானோ? பெயர் குழம்பலாம், விமானப்படை எண் எப்படிக் குழம்பும்? கணினியை எவனாவது ஏமாற்றியிருப்பானோ? பூட்டிவைக்கும் அளவுக்கு அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கும்? வீட்டுக்குப் போகும் வழியில் வங்கிக்குள் நுழைந்து கேட்டார். ஆமாம், பணம் வருகிறது. முதல் மாதத்திலிருந்தே உங்கள் மனைவி பேரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்றார்கள்.

ஜெசிந்தா. இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் யார் கையில் கொடுத்தாரோ அந்த ஜெசிந்தா.

அவள் அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"என் பேருல பென்ஷன் வாங்குதியா நீ?"

அவள் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா."

"எதுக்கு?"

"அதைக் கேக்காதீய."

"கேக்காம? ஊரே என்னைத் திருடன்னு பாக்குது. பொய்ச் சர்டிபிகேட் குடுத்து வாங்குனியா? உங்க அண்ணன் ஏற்பாடு பண்ணுனானா?"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேராக வந்து நின்றாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபமே இல்லை. நோயாளி படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்து நின்றால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள்.

"அந்தப் பணத்துல ஒரு காசு நான் தொட்டது கெடையாது. என்னைத் திருடின்னே நெனச்சுக்கிடுங்க, பரவால்லை. ஆனா என்கிட்ட கேக்காதீய. வாங்க, டாக்டரம்மாகிட்டப் போவோம்."

டாக்டர் மைமூன் அன்று மாலை கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"மத்தியானம் பூரா யோசிச்சேன் கேப்டன். டாக்டரே திறக்க முடியாத பூட்டு ஒரே ஒரு சிகிச்சைக்குத்தான் போடுவாங்க. ராணுவ ஆஸ்பத்திரியில மட்டும் செய்யறது. மனசு தாங்க முடியாத ஒரு சம்பவத்தை, அந்தச் சம்பவத்தை மட்டும், நினைவுலேர்ந்து எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா?"

"எடுத்தது அவங்களுக்கே தெரியாது. அக்கம்பக்கத்து ஞாபகங்களைச் சேர்த்துத் தைச்சு விட்டுடுவாங்க. ஏன் வேலையை விட்டோம்னு மனசு கேட்கும் இல்ல? அதுக்கு ஒரு காரணமும் கொடுத்துடுவாங்க. முழங்கால் மாதிரி."

மிராந்தாவின் கை தானாக முழங்காலுக்குப் போனது. அடிபட்ட நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மழை, வழுக்கிய படி, வலி. எந்த ஊர்ப் படி? அது மட்டும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றியதும் இல்லை.

"அப்ப எனக்கு என்ன நடந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும். அவங்க சொல்லக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஏதோ ஒண்ணு எடுத்திருக்குன்னு தெரியறதால கெடுதல் இல்லை. என்ன எடுத்ததுன்னு தெரிஞ்சா, நூல் முனை கிடைச்ச மாதிரி மனசு மொத்தத்தையும் இழுத்துக்கும். நோய் திரும்ப வரும். ரெண்டாம் தடவை எடுக்க முடியாது."

"நான் பறக்கலாமா டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் மேஜைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார், பிரித்தார். "விதிப்படி, நினைவு எடுத்தவங்க பயணிகளை ஏத்தக்கூடாது. ஆயுசுக்கும். ஆனா உடம்பைக் கேட்டீங்கன்னா, எனக்குத் தெரிஞ்ச விமானிங்கள்ல உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது. ரெண்டும் நிஜம். எதை வச்சுக்கறதுன்னு எனக்கே குழப்பமா இருக்கு. என் கையில ஆதாரம்னு எதுவும் இல்லை. விசாரணையில என்ன சொல்லணும்கறதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

இப்படியாக நம் கேப்டன் இருதலைக் கொள்ளி எறும்பானார். உண்மையைச் சொன்னால், அதாவது எனக்குத் தெரியாது, என் நினைவை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால், ஆயுசுக்கும் தரையில்தான். பொய் சொன்னேன் என்று பொய் சொன்னால் ஆறே மாதத்தில் ஆகாயம். தான் பறக்கத் தகுந்தவன்தானா என்று தெரிந்துகொள்ளலாம் என்றால், தெரிந்துகொண்ட நிமிஷமே தகுதி போய்விடும். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் இடித்தது.

நான்கு நாள் கடற்கரையில் நடந்தார். மாதா கோயிலில் போய் உட்கார்ந்தார். எந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது என்று தெரியாததால் சும்மா உட்கார்ந்திருந்து விட்டு வந்தார். தலைக்கு மேலே காலை விமானம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டபோதெல்லாம் கழுத்து தானாக நிமிர்ந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

விசாரணை மதுரையில். ஜெசிந்தா நானும் வருகிறேன் என்று வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒரு நாற்காலி, எதிரே ஒரு திரை. நேரில் வந்து கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது மட்டும் பழைய வழக்கமாக மிச்சமிருந்தது. பதிவாளரின் குரல் பெண் குரலும் இல்லை, ஆண் குரலும் இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை.

"இயலாமை ஓய்வூதியம் பெறுவதை ஒன்பது ஆண்டுகள் தாங்கள் தெரிவிக்கவில்லை. தெரிந்தே மறைத்தீர்களா?"

மிராந்தா வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் ஆகாயம் இருந்தது.

"தெரிந்தே மறைத்தேன்."

"எந்த இயலாமைக்காக?"

"முழங்கால். வேலை போயிருமோன்னு பயந்துட்டேன்."

"நன்றி. ஆறு மாதம் தடை. அதன்பின் விண்ணப்பிக்கலாம். பதிலில் திருத்தம் இருந்தால் இன்று மாலைவரை தெரிவிக்கலாம்."

அவ்வளவுதான். பூட்டிய பக்கம் பூட்டியபடியே இருந்தது. வெளியே வந்தவருக்கு வெட்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வண்டி தானாக ஓட, இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அருப்புக்கோட்டை தாண்டியதும் அவர் உள்ளே நடந்ததைச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். "ஆறு மாசம் கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள போயிரும். கிறிஸ்மஸ் கழிஞ்சா நான் மேல இருப்பேன்."

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டிலிருந்து பார்வையைத் திருப்பினாள்.

"தெரிஞ்சே மறைச்சேன்னு, அந்த வார்த்தையைச் சொன்னீயளா?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? உண்மையைச் சொல்லியிருந்தா ஆயுசுக்கும் தரையிலதான்."

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு மூடிய பருத்தி மில் வாசலில் வண்டி ஒதுங்கி நின்றது. அவளுக்கு வாந்தி வருகிறதோ என்று அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். அவள் வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமும் நீங்க மேல போறப்ப நான் ஒரு நாளும் பயந்தது கெடையாது. ஏன் தெரியுமா? ஒரு தும்மலைக்கூட மறைக்காத மனுஷன். அவிய என்னத்தை எடுத்தாலும் அதை மட்டும் எடுக்கலைன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு அதுவும் போயிட்டு. இனிமே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அந்தப் பதினெட்டுப் பேருக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"ஜெசி, வேண்டாம். டாக்டர் சொன்னாகள்லா?"

"சொன்னாக. உங்களை அந்த நெலமையில பாத்தவ நான். எனக்கு அவிய சொல்லணுமா?" அவர் கையை விடாமலே சொன்னாள். "வடகிழக்குல வெள்ளம். மலைக்கிராமத்து சனங்களை ஏத்திக்கிட்டு வரணும். அதுக்கு முந்தின வாரம் உங்களுக்கு ரெண்டு தடவை தலை சுத்திச்சு. என்கிட்ட மட்டும் சொன்னீய. மெடிக்கல்ல கேட்டாக. தலைசுத்தல் உண்டான்னு கேட்டாக. இல்லைன்னு எழுதிட்டு வந்து என்கிட்ட சிரிச்சீய. ஆறு மாசம் தரையில உக்கார வச்சுருவான் ஜெசின்னு சொன்னீய. நானும் சிரிச்சேன்."

மிராந்தா கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவனுடைய கதை மாதிரி இருந்தது. அந்த யாரோ அவர் பெயரில் இருந்தான், அவர் பேசுவது போலவே பேசினான்.

"அன்னைக்கு எல்லாரோடயும் பிளேன் விழுந்துட்டு. மேல வச்சு உங்களுக்குத் தலை சுத்துச்சா, மெஷின் கெட்டுச்சா, எனக்குத் தெரியாது. மெஷின் கோளாறுன்னுதான் தீர்ப்பு வந்துச்சு. நீங்க ஒத்துக்கிடலை. நீங்க மட்டும்தான் மிஞ்சுனீய. சோறு தண்ணி இல்லாம, செத்தவங்க பேரை வரிசையாச் சொல்லிக்கிட்டே கெடந்தீய. முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. நானே கையெழுத்துப் போட்டேன், எடுத்துருங்கன்னு. அந்தப் பணத்தை எப்படி நான் தொடுவேன்?"

பக்கத்தில் லாரி ஒன்று சத்தமாகக் கடந்து போனது. மிராந்தா தனக்குள் தேடிப் பார்த்தார். வெள்ளம் இல்லை, மலை இல்லை, அழுகை இல்லை. மழையும் வழுக்கிய படியும்தான் இருந்தன. ஆனால் தான் அப்படி எழுதியிருப்பேன் என்பது மட்டும் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இன்று காலைதான் அதே மாதிரி ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாரே.

போனை எடுத்துப் பதிவாளரைக் கூப்பிட்டார்.

"கேப்டன் ஜெரால்டு மிராந்தா. என் பதிலைத் திருத்தணும்."

"சொல்லுங்கள்," என்றது பதிவாளர். "தங்கள் இரண்டு பதில்கள் முரண்படுகின்றன. எதைப் பொய் என்று பதிவு செய்யட்டும்? ஒன்பது ஆண்டுகள் எழுதியதையா, இன்று கூறியதையா?"

"இன்னைக்குச் சொன்னது பொய். அதுக்கு முன்னால எழுதுனதெல்லாம் நிஜம். எனக்குத் தெரியாது."

"இப்போது தெரியுமா?"

ஜெசிந்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். நினைவு நீக்கம். நான் இனிப் பயணிகளை ஏத்தக்கூடாது. அப்படியே எழுதிக்கிடுங்க."

"பதிவு செய்யப்பட்டது. தங்கள் நேர்மைக்கு நன்றி," என்று சொல்லிவிட்டுச் சித்திரகுப்தன் போனை வைத்தான்.

அவர் வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது.

"அந்தப் பேரெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"கேட்டுக் கேட்டு மனப்பாடம். மறந்தா பாவம்னு நான் தினம் ஒரு தடவை சொல்லிக்கிடுவேன்."

"சொல்லு."

"வேண்டாங்க. இதோட நிறுத்திக்கிடுவோம். பேரு தெரியாம இருந்தா ஒருவேளை..."

"நீ ஒருத்தியே சொல்லிக்கிட்டு இருந்தது போதும். சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பெயரைச் சொன்னாள். அப்படி ஒருவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அடுத்தது?" என்றார்.